பாதியில் நிற்கிற தொடர்: முன்னாலேயே சொல்லிவிட்டால் என்ன?

(வடசென்னைப் பக்கத்து ஐந்து பேரின் பேச்சு. ஒவ்வொருவர் பேச்சுக்கும் மேலே அவரவர் ஊர், தொழில் அடையாளம்.)

கல்மண்டபம்

எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கிடைக்கும். அவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட், பெண்ணுக்கு டியூஷன். ஓடிடி தளம் ஒன்றில் வாரம் ஒன்றிரண்டு எபிசோடாக நாங்கள் பார்த்து வந்த ஒரு தொடர், நாயகன் பிழைத்தானா இல்லையா என்று தெரியாத இடத்தில் நின்றது. அடுத்த சீசன் எப்போது என்று தேடினால், அதைக் கைவிட்டு வருடக்கணக்காகிறதாம். அந்தத் தளமோ இன்றைக்கும் அதை 'உங்களுக்காக' என்று முதல் வரிசையில் காட்டுகிறது.

நிறுத்திக்கொள்ளட்டும், பணம் அவர்களுடையது. ஆனால் முடிவில்லாத கதை என்று தெரிந்தே அதை எங்கள் முன்னால் வைக்கலாமா? '1899' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 17 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2023 ஜனவரி 2 அன்று, இனி கிடையாது என்று எடுத்தவர்களே அறிவித்தார்கள். இடையில் ஏழு வாரம்கூட இல்லை. மூன்று சீசன் என்று யோசித்து எழுதிய கதை அது. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதை யார் சொல்வது?

நான் கேட்பது ஒரு வரிதான். தொடரின் பெயருக்குக் கீழே 'கதை முடிந்தது' அல்லது 'முடிவில்லாமல் நின்றது' என்று போடுங்கள்.

எம்.சி. ரோடு ஜவுளி

உங்கள் கோபம் புரிகிறது தங்கச்சி. ஆனால் கடை நடத்துகிறவன் கண்ணாலும் பாருங்கள். ஓடாத சரக்குக்கு நான் அடுத்த லோடு எடுக்க மாட்டேன். 'மைண்ட்ஹன்டர்' இரண்டு சீசனோடு நின்றதற்கு, அதை எடுத்த டேவிட் ஃபின்ச்சரே சொன்ன காரணம், ஆகிற செலவுக்கு ஏற்ற கூட்டம் இல்லை என்பதுதான். சீசன் ஏற ஏற நடிகர், எழுத்தாளர் சம்பளமும் ஏறும். அமெரிக்க டிவியில் 100 எபிசோடை நெருங்கினால் மறு ஒளிபரப்புக்கு விற்றுக் காசு பார்க்கலாம். அதற்காகவே சுமாராக ஓடியதைக்கூட இழுத்துப் பிடித்தார்கள். ஓடிடி தனக்காகவே எடுத்து வைத்துக்கொள்கிற தொடருக்கு அப்படி ஒரு வரும்படி இல்லை.

டிவி காலத்தில் மட்டும் எல்லாம் முடிந்ததா? 2002-ல் 'ஃபயர்ஃப்ளை'க்கு 14 எபிசோடு எடுத்து, 11-ஐ ஒளிபரப்பிவிட்டு நிறுத்தியது அமெரிக்க டிவி சேனலான ஃபாக்ஸ். அதே ஃபாக்ஸ் 2018-ல் கைவிட்ட 'லூசிஃப'ரை எடுத்து முடித்துக் கொடுத்தது நெட்ஃபிளிக்ஸ். 'மணி ஹைஸ்ட்' 2017-ல் ஸ்பெயின் சேனலில் முடிந்துபோன கதை. அதை உலகத்துக்கே கொண்டுபோய் 2021 வரை ஓட்டியதும் ஓடிடிதான். அதையும் கணக்கில் வையுங்கள்.

கல்மண்டபம்

அண்ணா, ஓடாத சேலைக்கு நீங்கள் மறுபடி ஆர்டர் போட வேண்டாம். பாதி நெய்த சேலையை மடித்து, முழுச்சேலை என்று கண்ணாடி அலமாரியில் வைப்பீர்களா? அவர்கள் செய்வது அதுதான்.

'ஓடவில்லை' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2019-ல் பிரிட்டன் மேலவைக் குழு ஒன்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் எழுதிய விளக்கத்தில், முதல் 7 நாள், முதல் 28 நாள் என்று கணக்கு எடுப்பதாகச் சொன்னது. எத்தனை வீடு தொடங்கியது, எத்தனை வீடு கடைசிவரை போனது என்பதும் அதில் வரும். 28 நாளில் நான்கு ஞாயிறுதான் வரும் அண்ணா! ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கிற வீடு கணக்கில் ஏறும். மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் காசிமேடு போகிறவரும், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரும் அப்படிப் பார்க்க முடியுமா? மெதுவாக, ஆசையாகப் பார்க்கிற வீடு 'முடிக்காத வீடு' ஆகிவிடுகிறது. நாங்களும் அதே சந்தாவைத்தான் கட்டுகிறோம்.

தண்டையார்பேட்டை கல்லூரி

அக்கா சொல்வது சரி. அதனால்தான் கடைசி சீசன் வந்தது என்று உறுதியாகத் தெரியாத எதையும் நான் தொடங்குவதே இல்லை. 'தி ஓஏ' ஐந்து சீசனாகத் திட்டமிட்டு இரண்டில் நின்றது. 'க்ளோ'வுக்கு நான்காவது சீசன் உண்டு என்று அறிவித்துவிட்டு, 2020-ல் கொரோனாவைக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். வாக்குக் கொடுத்த பிறகும் இப்படி என்றால், நான் எதை நம்பி நேரம் செலவழிப்பது?

பெரம்பூர் லைட்மேன்

தம்பி, நீ காத்திருப்பதால்தான் பல தொடர் சாகிறது. சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் வெப் சீரிஸ் செட்டில் வேலை பார்க்கிறவன். ஒரு தொடருக்கு இரண்டாவது சீசன் உண்டு என்று வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அதை நம்பி எங்கள் யூனிட்டில் சிலர் வேறு படத்துக்குத் தேதி கொடுக்கவில்லை. மாதங்கள் போயின, செட்டைப் பிரித்துவிட்டார்கள், யாரும் போன் பண்ணிக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் இழப்பது ஒரு கதை. எங்களுக்கு அது வருஷத்துச் சாப்பாடு.

இன்னொன்று. கல்மண்டபம் அக்கா கேட்கிற லேபிள் வேண்டாம். 'முடிவில்லாமல் நின்றது' என்று எழுதிவிட்டால் ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள். ராத்திரி பகலாக நாங்கள் வெளிச்சம் போட்ட வேலை இருட்டிலேயே கிடக்கும். முடியாத கதை என்றால் மதிப்பில்லையா? 'வடசென்னை' 2018-ல் வந்தது. அடுத்த பாகம் இன்னும் வரவில்லை. நம் ஏரியாவில் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்காதவர் யார்?

கல்மண்டபம்

தம்பி, அந்தச் செட்டு விஷயம் கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 'வடசென்னை' என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. அடுத்த பாகம் வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் பார்க்கிறோம். சொன்னதால் அந்தப் படத்தை யாரும் ஒதுக்கவில்லையே.

திருவொற்றியூர் மாமி

ஓடிடி, ஓடிடி என்றே பேசுகிறீர்கள். 2020 பொது முடக்கத்தில் படப்பிடிப்பு நின்றபோது சன் டிவியில் 'அழகு' அப்படியே நின்றுவிட்டது. என் மாமியார் தினமும் பார்த்தவர், அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று பிற்பாடு ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்ல? அதற்கு நேர் எதிராக, டிஆர்பி இருக்கிறது என்பதற்காக வருஷக்கணக்கில் இழுக்கிற சீரியலும் இங்கேதான் இருக்கிறது. கதையை எங்கே முடிப்பது என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்க வேண்டும் என்பேன். 2023-ல் ஜீ5-ல் வந்த 'அயலி' எட்டே எபிசோடு. அந்தப் பெண்ணின் படிப்புக் கதை முழுசாக முடிந்தது, எங்கள் தெருவில் நான் பத்துப் பேரிடம் பார்க்கச் சொன்னேன். இந்த மாதிரி எடுங்கள், சண்டையே வராது.

தண்டையார்பேட்டை கல்லூரி

மாமி, எல்லாக் கதையும் எட்டு எபிசோடில் அடங்காது. பெரிய கதை வேண்டும் என்றும் ஆசை இருக்கிறதே. 'டார்க்' மூன்று சீசன் ஓடி முடிந்ததால்தான் அதன் முடிச்செல்லாம் அவிழ்ந்தது. '1899' எடுத்தவர்களும் அதே ஆட்கள்தான்.

லைட்மேன் அண்ணா, உங்கள் கஷ்டம் நிஜம். ஆனால் பழியைப் பார்க்கிறவன் மேல் போடாதீர்கள். 'சென்ஸ்8' 2017-ல் ரத்தானபோது ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள், 2018-ல் இரண்டரை மணி நேர முடிவுரை ஒன்று கிடைத்தது. முடித்துக் கொடுக்க வழியே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எம்.சி. ரோடு ஜவுளி

ஒன்றுக்குக் கிடைத்தது தம்பி. கைவிடுகிற ஒவ்வொன்றுக்கும் பிரிந்து போன நடிகர்களைக் கூட்டி, செட்டைத் திரும்பப் போட்டு முடிவுரை எடுத்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நம் சந்தாவில் இருந்துதான். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளானை 199-லிருந்து 149 ரூபாய்க்கு இறக்கியபோது நாம் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மலிவாகவும் வேண்டும், எல்லாக் கதையும் முடியவும் வேண்டும் என்றால் எப்படி?

பெரம்பூர் லைட்மேன்

நிற்பதாவது பரவாயில்லை, அழித்தே விடுகிறார்கள். 'வில்லோ' 2022 நவம்பர் 30 அன்று டிஸ்னி பிளஸில் வந்தது, 2023 மே மாதம் தளத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆறு மாதம்கூட இல்லை. அதில் வேலை பார்த்தவன் தன் பிள்ளைக்குக் காட்டக்கூட முடியாது.

லேபிளைவிட எனக்கு வேண்டியது தேதி. ஒரு தொடர் வந்து இத்தனை மாதத்துக்குள் அடுத்தது உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். 'சுழல்' முதல் சீசன் 2022 ஜூன், இரண்டாவது 2025 பிப்ரவரி. வந்தது, நல்லது. இவ்வளவு நீளமான இடைவெளியில் பதில் தெரியாமல் இருக்கிற தொழிலாளி எந்தப் படத்துக்குத் தேதி கொடுப்பான்?

கல்மண்டபம்

இதற்கு நான் முழுசாகக் கூட நிற்கிறேன். தேதி இருந்தால் கல்லூரித் தம்பியும் பயமில்லாமல் தொடங்கலாம்.

எம்.சி. ரோடு ஜவுளி

தேதியை எந்த நிறுவனமும் கொடுக்காது. நாள் குறித்துவிட்டால் சம்பளப் பேச்சில் நடிகர் கை ஓங்கிவிடும், அது அவர்களுக்குத் தெரியும். லேபிள் கேளுங்கள், அதற்குச் செலவில்லை. அது கிடைக்கலாம்.

கல்மண்டபம்

அப்போ லேபிள் விஷயத்தில் எங்கள் பக்கம்தானே அண்ணா?

எம்.சி. ரோடு ஜவுளி

லேபிளுக்குச் சரி. முடித்துக் கொடுப்பது அவர்கள் கடமை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரம்பூர் லைட்மேன்

நான் லேபிளுக்கும் இல்லை. தேதிதான்.