மறு: 'சாக்': டீக்கன் ஜோன்ஸ் வைத்த பெயருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் 'குவார்ட்டர்பேக்' ஆட்டக்காரருக்கு 'ஏவுநர்' என்று முடிவானதில் எனக்கு முழுத் திருப்தி. ஆளையும் ஏவலாம், அம்பையும் ஏவலாம். அமெரிக்கக் கால்பந்தில் அவர் கூட்டாளிகளை ஏவுகிறார், பந்தையும் எறிகிறார்; இரண்டு வேலையையும் பார்க்கிறார். 'காற்பின்னர்' என்பதை யாரும் வழிமொழியாதது நல்லதாகப் போயிற்று. 'குவார்ட்டர்' என்றே சுருக்கிவிடலாமே என்று கேட்ட தம்பிக்கு ஒன்று: அந்தச் சொல் நம்மூரில் ஏற்கெனவே வேறு கடையில் வேலை பார்க்கிறது.

இப்போது 'சாக்'. அந்த ஆட்டத்தில் ஏவுநர்களைத் தரையில் தள்ளிப் பேர் வாங்கிய டீக்கன் ஜோன்ஸ் பற்றி நான் எழுதும் கட்டுரை மூன்று வாரமாகப் பாதியில் நிற்பது இந்த ஒரு சொல்லால்தான்.

> ஆட்டக்கோட்டுக்குப் பின்னால் நடப்பதால் 'பின்கோட்டு வீழ்த்துகை' எனலாம். வரையறைக்கு முழுவதும் பொருந்தும்.

பொருந்தும் ஐயா, மறுக்கவில்லை. ஏவுநர் பந்தை முன்னால் எறிவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே அவரைப் பிடித்துத் தரையில் தள்ளுவதுதான் 'சாக்'. விழுந்த இடத்திலிருந்துதான் அந்த அணி மறுபடி தொடங்க வேண்டும். ஆக, கையிலிருந்த நிலமும் போகும், ஒரு வாய்ப்பும் போகும். ஆனால் நீங்கள் தந்திருப்பது வரையறையின் சுருக்கம். பெயர் இன்னும் வரவில்லை. ஜோன்ஸ் 1961இல் ஆட வந்தபோது அமெரிக்கர்களும் இப்படித்தான் நடந்ததை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அதை ஒற்றை அசையில் அடக்கிய பெருமையை அவருக்குத்தான் தருகிறார்கள்.

இந்த மனிதர் நம் குழுவில் இருந்திருக்க வேண்டியவர். முதலில் தனக்கே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். வீட்டில் வைத்த பெயர் டேவிட் ஜோன்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு வந்து பார்த்தால், தொலைபேசிப் புத்தகத்தில் டேவிட் ஜோன்ஸ்கள் கொட்டிக் கிடந்தார்கள். இந்தப் பெயரை எவன் நினைவில் வைப்பான் என்று 'டீக்கன்' ஆகிவிட்டார். தேவாலயத்தில் தொண்டு செய்பவருக்கு உரிய பட்டம் அது. வைத்துக்கொண்டவரோ, ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிராளியின் காதோரம் அறைகிறவர். (யாராவது இதை 'திருத்தொண்டர் ஜோன்ஸ்' என்று மொழிபெயர்த்தால் நான் குழுவை விட்டு விலகிவிடுவேன்.)

> சொல்லாக்கத்துக்கு வாழ்க்கை வரலாறு எதற்கு? சொல்லை மட்டும் பார்ப்போமே.

அக்கா, அந்தச் சொல்லின் சூடு அங்கேதான் இருக்கிறது. 1938இல் புளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்தவர். கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே ஆள 1887இல் அமைத்துக்கொண்ட ஊர் அது. ஊரைத் தாண்டினால் வேறு உலகம். பதினாலு வயதில், தேவாலயத்துக்குப் போகும் ஒரு மூதாட்டி மீது வெள்ளை இளைஞர்கள் சிரித்துக்கொண்டே தர்பூசணியை வீசியடித்ததைப் பார்த்தார். சில நாளில் அந்த அம்மா இறந்துபோனார். நெஞ்சில் இருந்த கோபத்துக்கு இந்த முரட்டு ஆட்டம்தான் வடிகால் என்று பின்னாளில் அவரே சொன்னார். தென் கரோலைனா ஸ்டேட் கல்லூரியில் படித்தபோது உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக உதவித்தொகை பறிபோனது. அப்புறம் மிசிசிப்பி வொக்கேஷனல் கல்லூரி. வெளியூர் ஆட்டங்களில் விடுதிக்காரர்கள் கறுப்பினத்தவருக்கு இடம் தராதபோது, எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்தார்கள்.

ராம்ஸ் அணியின் ஆள்தேடிகள் அவரைத் தேடி வரவும் இல்லை. பந்தோடு ஓடுகிற சிலரை எடைபோடப் படச்சுருள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறடி ஐந்தங்குலத்தில் தடுப்பு வரிசைத் தடியர் ஒருவர், அவர்களையெல்லாம் ஓடி முந்திக்கொண்டிருந்தார். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், 1961இல் 14ஆவது சுற்றில், 186ஆவது ஆளாக எடுத்துப் போட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டில் மெர்லின் ஓல்சன், ரோசி கிரியர், லமார் லண்டி ஆகியோரோடு சேர்ந்து நாட்டையே நடுங்கவைத்த நால்வரில் ஒருவரானார். ('நால்வர்' என்றதும் நமக்குத் தேவாரம் நினைவுக்கு வருவதற்கு நான் பொறுப்பில்லை.)

அவர் வேலை பார்த்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். இடது ஓரத்தில், விரல்களைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கிறார். பந்து பின்னால் ஏவுநரின் கைக்குப் போகிறது. எதிரே நிற்கும் காவல்காரர் நிமிர்ந்து இரண்டு கையையும் நீட்டுவதற்குள், தலைக்கவசத்தின் காதுப் பக்கம் ஓர் அறை. தலையில் அடி விழுந்தால் எவனும் ஒரு நொடி கண்ணை மூடுவான். தனக்கு அந்த ஒரு நொடி போதும் என்பது ஜோன்ஸின் கணக்கு. கண் திறக்கும்போது அவர் எதிரே இல்லை. ஏவுநர் பந்தைக் காதோரம் தூக்கி, தொலைவில் ஓடும் கூட்டாளியைத் தேடிக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டிலிருந்து 120 கிலோ வந்து மேலே விழுகிறது. அந்த அறையைத் தான் கண்டுபிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட ஜோன்ஸ், ரெம்பிராண்டும்தான் ஓவியத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றார். 1977இல் அந்த அறைக்குத் தடை வந்தது. அவர் ஓய்வுபெற்று மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஏன் 'சாக்' என்று வைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் இரண்டு விளக்கம் சொன்னார். ஒன்று: எதிரணியின் காவல் வரிசையை மொத்தமாக ஒரு கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, மட்டையால் சாக்கை வெளுப்பது. இன்னொன்று: ஒரு நகரத்தைச் சூறையாடுவது. கேட்பதற்கு இரண்டும் வேறு வேறு கதை. ஆனால் சூறையாடலுக்கு அந்தச் சொல் வந்ததே, கொள்ளையைச் சாக்கில் அள்ளிப் போட்டதால்தான். பிரெஞ்சு, இத்தாலிய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மனிதர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, வேரைப் பிடித்துவிட்டார்.

> அப்படியானால் 'சாக்கு' என்றே வைத்துக்கொள்ளலாமே! சொல்லும் நம்மிடம் இருக்கிறது, பொருளும் பொருந்துகிறது.

ஆசையாகத்தான் இருக்கிறது. நம் 'சாக்கு' ஐரோப்பியரோடு கப்பலேறி வந்த அதே சொல்தான். ஆனால் 'ஜோன்ஸ் ஓர் ஆட்டத்தில் மூன்று சாக்கு' என்று எழுதினால், பயிற்சிக்கு வராததற்கு மூன்று காரணம் சொன்னார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

'சூறை' அழகான சொல். ஆனால் எண்ண முடியாது. 'அரைச் சூறை' என்று ஒன்று உண்டா? இந்த ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் ஆளுக்கு அரை கணக்கு. நாம் வைக்கும் சொல் அரையையும் தாங்க வேண்டும்.

ஏறுதழுவலிலிருந்து 'தழுவல்' எடுக்கலாம் என்ற கருத்தையும் படித்தேன். காளையை அணைவது வேறு. ஜோன்ஸ் யாரையும் தழுவவில்லை. 'சாய்ப்பு', 'வீழ்த்தல்' இரண்டையும் கிரிக்கெட்காரர்கள் எப்போதோ பட்டா போட்டுவிட்டார்கள்.

இடையில் ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். இவரைத் 'தற்காப்பு ஆட்டக்காரர்' என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஏவுநரைச் சுற்றி அரண் போட்டு நிற்பது தாக்கும் அணி. அந்த அரணை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்வது தற்காக்கும் அணி. புறத்திணைக் கணக்கில் மதிலை முற்றுகையிடுபவன் சூடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பவன் சூடுவது நொச்சி. அப்படிப் பார்த்தால் ஜோன்ஸ் 14 பருவமும் உழிஞை சூடி ஆடியவர். இதற்காகச் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. 'தடுப்பணி' என்று பொதுவாக வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் 'சாக்'குக்கான சொல்லில் 'தடுப்பு' வாடையே வரக்கூடாது.

என் முன்மொழிவு: 'அமுக்கு'.

சடுகுடு ஆடிய காலத்தில், பாடி வருகிறவன் மேல் நாலு பேர் விழுந்ததும் வெளியே நிற்கும் பையன்கள் 'அமுக்கு, அமுக்கு' என்று கத்துவோம். யாரும் எங்களுக்குக் கலைச்சொல் பட்டியல் தரவில்லை. வினையாகவும் வரும், பெயராகவும் வரும். தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேயை அறிந்தவர்களுக்கு, இடது ஓரத்திலிருந்து ஜோன்ஸ் வருவதை ஏவுநர் எப்படி உணர்ந்திருப்பார் என்று தனியாக விளக்க வேண்டாம். செய்பவரை 'அமுக்குநர்' ஆக்க வேண்டாம். 'அமுக்குவான்' இருக்கவே இருக்கிறான்.

எழுதிப் பார்த்தேன்: '1964இல் 14 ஆட்டங்களில் 22 அமுக்கு.' 'ஏவுநர் மூன்று முறை அமுக்கப்பட்டார்.' எனக்கு ஓடுகிறது. உங்களுக்கு?

———

> என் முன்மொழிவு: 'அமுக்கு'.

தம்பி, பணத்தை அமுக்கிவிட்டான், செய்தியை அமுக்கிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் அன்றாடம் சொல்கிறோம். ஒரு விளையாட்டு வீரரின் கட்டுரையில் '22 அமுக்கு' என்றால் அவர் மேல் வழக்கு இருப்பது போல இருக்கிறது. 'மடக்கு' என்ன பாவம் செய்தது? திருடனை மடக்கினார்கள் என்கிறோம். ஓட வழியில்லாமல் நிறுத்துவது அதில் இருக்கிறது. அணியிலக்கணத்திலும் மடக்கு உண்டு, மரியாதையான சொல். வாழ்க்கைக் கதையை எழுதியது நல்லதுதான், அதற்காக முன்னே கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

———

அக்கா, 'மடக்கு' என்னிடமும் கடைசிச் சுற்று வரை வந்தது. அரையில்தான் கவிழ்ந்தது. '1967இல் இருபத்தொன்றரை மடக்கு' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்த கணக்காகிவிடுகிறது. அது மட்டுமல்ல, மடக்கப்பட்டவன் நின்றுகொண்டே இருக்கலாம்; இங்கே ஆள் தரையில் கிடக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் பண அமுக்கல் உண்மைதான். ஆனால் அது ஜோன்ஸ் கதைக்கு வேறு விதமாகப் பொருந்திப்போகிறது, பாருங்கள். தனியாளுக்கு இந்தக் கணக்கை இந்த ஆட்டத்தை நடத்தும் தேசியக் கால்பந்து லீக் எழுத ஆரம்பித்தது 1982இல். சான் டியேகோவிலும் வாஷிங்டனிலும் ஆடிவிட்டு அவர் ஓய்வுபெற்றது 1974இல். 1980இல் புகழ்மன்றத்திலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் 'சாக்' என்று பெயர் வைத்தவரின் பெயரில் அதிகாரபூர்வமாக ஒன்றுகூட இல்லை! 2021இல்தான் பழைய ஆட்டக் குறிப்புகளைத் துழாவியவர்களின் கணக்கு 1960 வரை பின்னோக்கி வெளியானது. அதில் அவருக்கு 173.5. மேலே இருந்தவர்கள் புரூஸ் ஸ்மித் 200, ரெஜி வைட் 198, அவ்வளவுதான். அதுவும் அதிகாரபூர்வமானதில்லை. 2013 ஜூனில் இறந்துபோனவர் அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை. ஒரு பருவத்தில் அதிக 'சாக்' எடுப்பவருக்குத் தரும் விருதுக்கு மட்டும் அதே ஆண்டு அவர் பெயரை வைத்தார்கள்.

ஆகவே கட்டுரையில் 'அமுக்கு' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஒரு வரி விளக்கம் தருகிறேன். வழக்கு வாடை வராமலிருக்க, '22 அமுக்கு' என்று மொட்டையாக விடாமல் 'ஏவுநரை 22 முறை அமுக்கினார்' என்று முதல் இரண்டு இடங்களில் எழுதிவிடுகிறேன். உங்களுக்காக, அக்கா. 173.5ஐ எண்ணில் எழுதுவேன். வாய்விட்டுப் படிப்பவர்கள் நூற்று எழுபத்து மூன்றரை என்று படித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது அந்தக் காதோர அறை. 'தலையறை' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். வீட்டில் ஏதோ அறை மாதிரி இருக்கிறது. எனக்கு 'செவுளறை' பிடித்திருக்கிறது. செவுளிலேயே ஒன்று விட்டான் என்று சொல்லாத தெரு உண்டா? ஆட்சேபம் இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கட்டுரையை ஏற்றிவிடுகிறேன்.