புதுப்பிப்பு: 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த குதிரைக்கு 17ஆம் இடம் ஏன்?

அமெரிக்கக் குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த மேக்சிமம் செக்யூரிட்டியை, மற்ற குதிரைகளுக்கு இடையூறு செய்ததற்காகத் தகுதிநீக்கம் செய்தபோது, இரண்டாம் இடத்துக்கு மட்டும் இறக்காமல் 17ஆம் இடம் வரை தள்ளியது ஏன் என்ற என் கேள்விக்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வீடியோவை விட்டுவிட்டு விதியைப் படிக்கச் சொன்னவரின் யோசனையே விடை தந்தது. அமெரிக்க நடைமுறையில், தன் பாதையை விட்டு விலகி இடையூறு செய்த குதிரை, முடிவு அதனால் மாறியதாக நடுவர்கள் கருதினால், பாதிக்கப்பட்ட குதிரைக்குப் பின்னே வைக்கப்படும். பாதிக்கப்பட்டவற்றுள் கடைசியாக வந்த லாங் ரேஞ்ச் டாடி 17ஆவதாக முடித்திருந்தது, இப்போது 16ஆனது, அதற்கடுத்த இடமே மேக்சிமம் செக்யூரிட்டிக்குக் கிடைத்தது. பிரிட்டனிலும் ஜப்பானிலும், இடையூறு நேராதிருந்தால் பாதிக்கப்பட்ட குதிரை இடையூறு செய்த குதிரையை முந்தியிருக்குமா என்பதே கேள்வி. அங்கே இந்த வெற்றி பறிபோயிருக்காது என்பது என் கணிப்பு.

நான் எதிர்பாராதது, மிகுதியாக நிலைகுலைந்த வார் ஆஃப் வில் என்ற குதிரையின் ஜாக்கி (அதை ஓட்டியவர்) ஆட்சேபமே எழுப்பவில்லை என்பதுதான். எழுப்பிய இருவரில் ஒருவர், 65க்கு 1 என்ற பந்தய விலையில் ஓடி, தகுதிநீக்கத்தால் வெற்றியைப் பெற்ற கன்ட்ரி ஹவுஸின் ஜாக்கி.

மேல்முறையீடு பற்றிக் கேட்டவருக்கு: கென்டக்கி விதிப்படி தகுதிநீக்க முடிவு இறுதியானது. உரிமையாளர்கள் தொடுத்த வழக்கை 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பரிசுப்பணத்தில் அவர்களுக்குச் சொத்துரிமை ஏதும் இல்லை என்று கூறி, 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.