லீவில் தம்பிக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கலாமா, விளையாட விட்டுவிடலாமா?

விருதுநகர் அக்கா:
காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். தம்பி அஞ்சாம் வகுப்பு முடிச்சிட்டான், ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேற ஸ்கூல். நேத்து 503-லிருந்து 278-ஐக் கழிக்கச் சொன்னேன். 375-னு எழுதி நீட்டினான். பயந்துட்டேன். "தினம் ரெண்டு மணி நேரம் உட்கார வை"ங்கறாங்க அம்மா. உட்கார வைக்கலாமா?

கரிசல்மண்:
வேண்டாம்மா. பத்து மாசம் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை. எங்க அண்ணன் எனக்கு இப்படித்தான் லீவில் பாடம் எடுத்தான். பதினாறாம் வாய்ப்பாடு தப்பினா நடுமண்டையில் குட்டு. வாய்ப்பாடு வந்துருச்சு. ஆனா அவன் சைக்கிள் ஸ்டாண்டு போடுற சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் ஓடிருவேன். இன்னிக்கும் அவன்கிட்ட மனசு விட்டுப் பேச வரலை. வீட்டுக்குள்ள இன்னொரு வாத்தியார் வேண்டாம், நீ அக்காவா இரு. மறந்தா மறக்கட்டும். ஜூனில் ஸ்கூல் பார்த்துக்கும், அது அவங்க வேலை.

நடுநிலைப்பள்ளி டீச்சர்:
குட்டினதுதான் தப்பு சார், சொல்லிக் கொடுத்தது தப்பில்லை.

விருதுநகர் அக்கா, அந்த 375-ஐ உத்துப் பாருங்க. 3-லிருந்து 8 போகாதுன்னதும் 8-லிருந்து 3-ஐக் கழிச்சு 5 போட்டிருக்கான். 7-லிருந்து 0 போக 7. 5-லிருந்து 2 போக 3. கவனக்குறைவு இல்லைம்மா, பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கணும்னு அவனா ஒரு விதி வெச்சிருக்கான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம்னா அங்கே பூஜ்யம் நிக்குது. இந்த நிலைமையில் நூறு கணக்கு போடச் சொன்னா நூறு தடவை தப்பு பழகும்.

நூறு ரூபா நோட்டு அஞ்சு, ஒரு ரூபா காசு மூணு கையில் கொடுங்க. நீங்க கடைக்காரர், 278 ரூபாயைச் சில்லறையாக் கேளுங்க. ஒரு நூறைப் பத்துப் பத்தா மாத்தணும், அதில் ஒரு பத்தைக் காசா உடைக்கணும்னு அவனுக்கே தெரிஞ்சிரும். நாலு நூறு, ஒம்பது பத்து, பதிமூணு காசு. இருபது நிமிஷம் போதும், ரெண்டு மணி நேரம் எதுக்கு?

கரிசல்மண்:
இதுவும் பாடம்தான் டீச்சர், வேஷம் மாத்தின பாடம். பிள்ளைங்களுக்கு அது உடனே தெரிஞ்சிரும்.

காவிரிக்கரை:
"மறந்தா மறக்கட்டும்"னு சொல்லாதீங்க அண்ணே. கொரோனாவில் ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆரம்பப் பள்ளிகள் பூட்டிக் கிடந்து, 2021-ல் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப நான் தன்னார்வலரா இருந்தேன். சாயந்திரம் எங்க தெரு மாடியில் வகுப்பு. மூணாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி 'பழம்'னு எழுதச் சொன்னா பென்சிலைக் கடிச்சிட்டே தலையைக் குனிஞ்சுக்குவா. மறந்தது அவ தப்பா? அக்கா, அண்ணன் கூட உட்கார்ந்து வாசிச்ச பிள்ளைங்க சீக்கிரம் தேறி வந்துச்சு. வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைதான் கடைசி வரிசைக்குப் போச்சு. ஸ்கூல் வேலைன்னு ஒதுங்கினா நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

கரிசல்மண்:
அந்தப் பொண்ணுக்கு நீங்க செஞ்சது பெரிய காரியம், தம்பி. ஆனா அது பள்ளி பூட்டின காலம். இது வெறும் மே மாசம்.

விருதுநகர் அக்கா:
டீச்சர் சொன்னபடி இன்னிக்குச் செஞ்சேன். பத்து ரூபா நோட்டு பத்தலை, பேப்பரை வெட்டிக்கிட்டோம். நூறை உடைக்கணும்னு அவனே சொன்னான். பத்தைக் காசா மாத்துற இடத்தில் ரொம்ப நேரம் யோசிச்சான், நான் வாயைத் திறக்கலை. கடைசியில் 225. நோட்டில் பழைய 375-ஐ அவனே அடிச்சான். அப்புறம் பேட்டை எடுத்துட்டு ஓடிட்டான்.

கரிசல்மண்:
சந்தோஷம்மா. ஆனா நாளைக்கு நீ காசை எடுத்து வெச்சு அவனைக் கூப்பிடாதே. அவனா வந்து கேட்டா உட்காரு.

விருதுநகர் அக்கா:
கேட்காமலே ஜூன் வந்துட்டா, அண்ணே?