எச்61 போர்டு, பென்டியம் ஜி2020: எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது?

பழையபெட்டி:
வணக்கம். எச்61 மதர்போர்டு, பென்டியம் ஜி2020, 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், "450 வாட்" ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, மானிட்டரில் விஜிஏ மட்டும். விண்டோஸ் 10 ஓடுகிறது. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறுகிறது. அலுவலக வேலை, கொஞ்சம் 1080பி வீடியோ எடிட்டிங், முடிந்தால் விண்டோஸ் 11. போர்டும் பிராசசரும் மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அப்படியே வைக்கலாமா? இல்லை, இதே போர்டில் ஐ5 போட்டால் போதுமா?

24பின்:
முதல்ல ராம் கதையை முடிச்சுடலாம். டிடிஆர்3க்கு 240 பின், டிடிஆர்4க்கு 288. நடுவுல இருக்கிற வெட்டும் வேற இடத்துல இருக்கும். புது போர்டுல பழைய ராம் உட்காரவே உட்காராது. அந்த 4 ஜிபியைக் காப்பாத்தணும்னு டிடிஆர்3 ஏத்துக்கிற 4ஆம் தலைமுறை போர்டைத் தேடிப் போகாதீங்க. விண்டோஸ் 11 பட்டியல் இன்டெல்ல 8ஆம் தலைமுறையிலதான் ஆரம்பிக்குது. டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வச்சிருக்கிற சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் பண்ண விடுற வசதி) ரெண்டும் வேணும். குறுக்கு வழியில ஏத்தினா ஏறும்தான், ஆனா அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது.

விண்டோஸ் 11 கட்டாயம் இல்லைன்னா இதே போர்டுல செய்யக்கூடியது நிறைய இருக்கு. ஜி2020 ஐவி பிரிட்ஜ் (இன்டெல் 3ஆம் தலைமுறை) வகை. அது இப்போ ஓடுதுன்னா பயாஸ் (போர்டுலயே இருக்கிற தொடக்க மென்பொருள்) ஏற்கெனவே அந்தத் தலைமுறையை ஏத்துக்கிட்டதுன்னு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் ஐ5-3470 போடலாம்: 4 கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். உங்க போர்டு மாடலுக்கான சிபியு பட்டியலை ஒரு தடவை பார்த்துடுங்க. 77 வாட் அதுல இல்லைன்னா 65 வாட் 3470எஸ் தேடுங்க. ராமுக்கு ரெண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரைதான். மலிவா "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்"னு விக்கிற 8 ஜிபி டிடிஆர்3யைத் தொடாதீங்க, இன்டெல் போர்டுல டிஸ்ப்ளே வராது.

பெரிய வித்தியாசம் காட்டப் போறது எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்). எச்61ல சாட்டா (டிஸ்க் இணைப்பு) வேகம் விநாடிக்கு 3 கிகாபிட்தான், பரவாயில்லை. திணறலுக்குக் காரணம் சின்னச் சின்ன ஃபைலை ஹார்டு டிஸ்க் தேடித் தேடிப் படிக்கிறதும், 4 ஜிபி நிரம்பினதும் அதே டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்துறதும். விண்டோஸ் போடுறதுக்கு முன்னாடியே பயாஸ்ல சாட்டா மோடை ஏஎச்சிஐக்கு (எஸ்எஸ்டிக்கு ஏத்த முறை) மாத்திடுங்க. போட்ட பிறகு மாத்தினா பெரும்பாலும் நீலத் திரைதான்.

கீழ்வரிசை:
மேலே சொன்னது சரி. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீடியோ எடிட்டிங்கும் இருப்பதால் போர்டு, பிராசசர், ராம் என்று தளத்தையே மாற்றுவதுதான் என் தேர்வு. இரண்டு வழிகள்.

ஒன்று, எச்610 போர்டு, ஐ3-12100 (4 கோர், 8 த்ரெட்). பெயரின் கடைசியில் "எஃப்" இருக்கும் 12100எஃப் வேண்டாம். அதில் கிராபிக்ஸ் கிடையாது, உங்களிடம் தனி கார்டும் இல்லை. எச்610 போர்டுகள் டிடிஆர்4க்கு ஒன்று, டிடிஆர்5க்கு ஒன்று என்று தனித்தனியாக வருகின்றன. ராம் வாங்குமுன் போர்டின் முழு மாடல் பெயரைப் படியுங்கள்.

இன்னொன்று, ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600ஜி (6 கோர், 12 த்ரெட், 65 வாட்). ஏ520 அல்லது பி550 போர்டு எடுங்கள். பழைய பி450 என்றால் பயாஸ் அப்டேட் செய்யாதவரை திரை கறுப்பாகவே இருக்கலாம். எடிட்டிங்குக்கு இதுதான் வலு.

எதை எடுத்தாலும் 8 ஜிபி ராம் இரண்டு போடுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸ் அதே ராமைத்தான் பகிர்கிறது. ஒற்றை 16 ஜிபி போட்டால் ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடும். ரைசனில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும்.

எஸ்எம்பிஎஸ்: ஸ்டிக்கரில் உள்ள 450ஐ மறந்துவிட்டு +12 வோல்ட் வரியைப் பாருங்கள். 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 14 = 168 வாட், அவ்வளவுதான். இன்றைய பிராசசர் மின்சாரம் எடுப்பது அந்த வரியிலிருந்துதான். புது போர்டில் பிராசசருக்கு 8 பின் சாக்கெட், உங்களிடம் 4 பின் வயர் என்று இருக்கக்கூடும். 8 பின்னின் சரியான பாதியில் அது உட்காரும், 12100 ஓடும். என் கவலை பின்னைப் பற்றியதல்ல, உள்ளே உப்பிப்போன கெப்பாசிட்டர்களைப் பற்றியது. இத்தனை வருட எஸ்எம்பிஎஸ்சைப் புது போர்டில் மாட்ட மாட்டேன். மோலெக்ஸிலிருந்து (பழைய டிஸ்க்குகளுக்கான 4 பின் பவர் முனை) 8 பின்னுக்கு மாற்றும் வயர் வேண்டவே வேண்டாம்.

பழைய கூலரும் உதவாது. உங்கள் போர்டின் 1155 சாக்கெட்டில் துளை இடைவெளி 75 மி.மீ., எச்610இன் 1700ல் 78 மி.மீ. பெட்டியில் வரும் கூலரே 12100க்குப் போதும். பழைய கேபினெட் தாராளமாகப் போதும்.

பழையபெட்டி:
நன்றி. எச்610 பக்கம் போகிறேன். விஜிஏ மானிட்டர்? இப்போதைய டிஸ்க்கை அப்படியே மாட்டினால் விண்டோஸ் பூட் ஆகுமா?

24பின்:
எச்610ல பல போர்டுகள்ல விஜிஏ இருக்கு, பார்த்து எடுங்க. இல்லைன்னா எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு சிப் வச்ச கன்வர்ட்டர் வேணும். ரெண்டு முனையை மட்டும் மாத்தின வெறும் கேபிள் வேலை செய்யாது, ஏன்னா எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக்.

டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய பார்ட்டிஷன் முறையில இருந்தா பூட் ஆகாது. எச்610ல உள்ளமைந்த கிராபிக்ஸ் மட்டும் வச்சு லெகசி (பழைய பயாஸ் முறை) பூட் பண்ண முடியாது, யூஇஎஃப்ஐ (புது முறை) மட்டும்தான். யூஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு டிஸ்க்கை மாத்த விண்டோஸ் 10லயே எம்பிஆர்2ஜிபிடி கருவி இருக்கு. டிஸ்க்ல மூணு முதன்மைப் பார்ட்டிஷனுக்கு மேல இருக்கக் கூடாது. ஆனா பழைய போர்டு யூஇஎஃப்ஐ பூட்டை ஆதரிக்கலைன்னா, மாத்தின பிறகு அதுல திரும்ப பூட் ஆகாது. என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டுலயே நேரா சொருகுற வேகமான வகை) வாங்கி புதுசாவே விண்டோஸ் போடுங்க. ஹார்டு டிஸ்க்கை டேட்டாவுக்கு மட்டும் மாட்டுங்க. புது போர்டோட லேன் டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவ்ல ஏத்திடுங்க. அது இல்லாம நெட் வராது, நெட் இல்லாம டிரைவர் வராதுன்னு சுத்திக்கிட்டே இருக்க வேண்டியிருக்கும். ஓஇஎம் லைசென்ஸ் (கம்ப்யூட்டரோட சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம்) பழைய போர்டோட கட்டுண்டது, புதுசுக்கு வராது. தனியா வாங்கின ரீடெய்ல் சாவின்னா மாத்திக்கலாம்.

சால்டர்:
மாட்டும்போது நடக்கும் தவறுகள் சில. கேபினெட்டில் ஏற்றுமுன் போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து சோதியுங்கள்: பிராசசர், கூலர், ஒரு ராம், 24 பின் போர்டு பவர் வயர், பிராசசர் பவர் வயர், மானிட்டர். பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஸ்டார்ட் ஆகும். முதல் முறை ராமைச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூடத் திரை கறுப்பாக இருக்கலாம், அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவே இல்லை என்றால் முதலில் பிராசசர் பவர் வயரைப் பாருங்கள். பாதிப் பேர் அதை மாட்டவே மறந்திருப்பார்கள்.

சாக்கெட் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கையால் பெயர்க்காதீர்கள். பிராசசரை வைத்து லீவரை அழுத்தும்போது தானாகக் கழன்றுவிடும். பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் வாரண்டி போகும்.

மலிவு எச்610 போர்டுகள் அகலம் குறைந்தவை, துளைகளும் குறைவு. பழைய போர்டுக்குப் போட்ட பித்தளை ஸ்டாண்ட்ஆஃபில் (போர்டைத் தாங்கும் சிறு கால்கள்) புது போர்டின் துளைக்கு நேராக வராததைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் அது போர்டின் அடிப்புறத்தை முட்டி ஷார்ட் ஆகும்; பவர் வந்த நொடியிலேயே அணைந்துவிடும்.