ஓய்வுபெற்ற பந்தய கிரேஹவுண்டை முயல் வேட்டைக்குப் பழக்கலாமா?

சமவெளியான்

மேற்கு டெக்சாஸ், லப்பக் பக்கம். அறுவடை முடிந்த பருத்திக் காடும் மேய்ச்சல் நிலமும் கலந்த 600 ஏக்கர். நிலத்துக்காரரின் அனுமதி எழுத்தில் இருக்கிறது, வேட்டை உரிமமும் இருக்கிறது. ஜாக்ராபிட் நிறைய. மேற்கு வர்ஜீனியாவில் ஓடி ஓய்வுபெற்ற மூன்றரை வயது ஆண் கிரேஹவுண்ட் ஒன்று தத்துக்குக் கிடைக்கும் போலிருக்கிறது. எடை 33 கிலோ, கடைசிப் பந்தயம் ஓடி ஒரு மாதம். மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் ஓடுகிற நாய்க்கு முயல் ஒரு பொருட்டா என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. பந்தய நாய் வயலுக்கு ஆகாது என்கிறார்கள் சிலர். வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எவ்வளவு நாளில் அவிழ்த்துவிடலாம்?

முயல்தடம்

நாயைப் பார்க்கும் முன் தத்துப் பத்திரத்தைப் படியுங்கள். பெரும்பாலான தத்து அமைப்புகளின் ஒப்பந்தத்தில் வேட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது, வேலியில்லாத இடத்தில் வாரில்லாமல் விடக் கூடாது என்று இருக்கும். மீறினால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மறைத்து வாங்க நினைக்காதீர்கள். பந்தய நாயின் உரிமையாளரிடமே, எதற்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குவதுதான் நேர்வழி. ஆனால் பந்தயத் தடங்கள் மூடிக்கொண்டே வருகின்றன. புளோரிடாவில் 2020 முடிவோடு பந்தயம் நின்றுவிட்டது, இப்போது மேற்கு வர்ஜீனியாவில் இரண்டு தடங்கள்தான் மிச்சம்.

இனி நாய். நீங்கள் நினைப்பதுபோல் வேகத்தில் குறை வராது. பந்தய நாய் சுமார் 500 மீட்டரை 30 விநாடி போல ஓடும், அதோடு வேலை முடிந்தது. அதன் தசை, மூச்சு, மனம் எல்லாமே அந்த அரை நிமிடத்துக்காகப் பழகியவை. ஜாக்ராபிட் அப்படி ஓடாது. அது முயல் என்று நாம் சொன்னாலும் குழிமுயல் அல்ல, வளைக்குள் புகாது. திறந்த வெளியில் திரும்பித் திரும்பி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டம் காட்டும். முதல் 300 மீட்டரில் நாய் நெருங்கிவிடும். முயல் சட்டென்று மடங்கும், நாய் இருபது முப்பது மீட்டர் தாண்டிப் போய்த் திரும்பும். நாலாவது மடக்கில் வாய் பிளந்துவிடும். பந்தயத் தடத்தில் நாய்கள் துரத்துகிற இயந்திர முயல் ஒருநாளும் அப்படி மடங்கியதில்லை அல்லவா?

பழக்கும் முறை: முதல் 6 வாரம் வாரில் நடை மட்டும். 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுபோங்கள், அதில் பாதி கரடுமுரடான தரையில் இருக்கட்டும். பந்தயத் தடத்து மணலில் ஓடிய உள்ளங்கால் பஞ்சுபோல் இருக்கும். மண்கட்டியிலும் சரளையிலும் நடந்துதான் தோல் தடிக்கும். 7ஆம் வாரத்திலிருந்து வேலியிட்ட நிலத்தில் வாரம் இரண்டு முறை 300 மீட்டர் ஓட்டம். பிறகு ஓட்டத்தின் தூரத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இடையில் 10 நிமிட நடை. 12 வாரம் முடியாமல் முயலைக் காட்ட வேண்டாம். களத்தில் முதல் மாதம் ஒரு நாளைக்கு ஒரே துரத்தல், அடுத்து மூன்று நாள் ஓய்வு. ஓட்டத்துக்கு முந்தைய 5 மணி நேரம் தீனி கிடையாது.

கால்நடைக்காரன்

உடல் பக்கம் சில விஷயங்கள்.

பந்தயத் தடம் இடப்புறமாகவே வளையும். வளைவில் பாரம் முழுக்க ஒரே விதமாக விழுவதால் வலது பின்னங்கால் குதிமூட்டின் நடு எலும்பு முறிவது இந்த நாய்களுக்கே உரிய காயம். பல நாய்கள் ஓய்வு பெறுவதே அதனால்தான். நொண்டாமல் நடக்கிறதே என்று ஏமாற வேண்டாம், இரண்டு குதிமூட்டையும் எக்ஸ்ரே எடுங்கள். தொடையின் உட்புறத் தசையைக் கையால் தடவுங்கள். ஒரு பக்கம் குழியாகவோ கட்டியாகவோ இருந்தால் பழைய தசைக் கிழிசல். உள்ளங்காலில் ஆணி இருக்கிறதா என்றும் பாருங்கள், கெட்டித் தரையில் நொண்டுவதற்கு அது ஒன்றே போதும்.

காதுப் பச்சையால் வயதைச் சரிபார்க்கலாம். இடது காதில் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கெல்லாம் பொதுவான பதிவெண். வலது காதில் பிறந்த மாதம், ஆண்டின் கடைசி இலக்கம், ஈற்றில் எத்தனையாவது என்ற எழுத்து. 32பி என்றால் மார்ச் 2022, இரண்டாவது குட்டி.

மலத்தைக் கட்டாயம் சோதியுங்கள். பந்தயக் கூடங்களிலிருந்து வரும் நாய்களில் பல மருந்துகளுக்கும் அசையாத கொக்கிப்புழு உண்டு. மாத்திரை கொடுத்ததோடு விடாமல் இரண்டு வாரம் கழித்து முட்டை எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலான பேபிசியா, எர்லிக்கியா இரண்டுக்கும் ரத்தச் சோதனை. அந்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் பயந்தால் நீங்கள் பயப்படாதீர்கள்: சிவப்பணு விகிதம் 55, 60 என்று உயர்ந்தும், தட்டணு குறைந்தும், தைராய்டு தாழ்ந்தும் இருப்பது இந்த இனத்துக்கு இயல்பு. மயக்க மருந்து தேவைப்பட்டால் இனத்தைச் சொல்லிவிடுங்கள், பார்பிட்யூரேட் வகை கொடுத்தால் தெளிய வெகுநேரம் ஆகும்.

சூடுதான் கொல்லும். வெயில் 15 டிகிரிக்கு மேல் போனால் ஓட்டாதீர்கள். ஓடி முடித்ததும் ஆசனவாய் வெப்பமானி 41ஐத் தாண்டினால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி நடத்துங்கள். சில மணி நேரம் கழித்து முதுகு விறைத்து, சிறுநீர் காப்பித்தண்ணி நிறத்தில் வந்தால் தசை சிதைகிறது என்று பொருள். விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், சிறுநீரகம் போய்விடும்.

வறட்டுமேடு

முயல்தடம் சொன்ன 12 வாரக் கணக்கு சரி, ஆனால் மூன்றரை வயதில் தொடங்குவதையே நான் ஒப்ப மாட்டேன். ஒன்றிரண்டு பருவம் கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே ஓநாய்க்குட்டிபோல் இருக்கும் கொயோட்டியை ஓட்டுகிறவர்கள் வயலிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த, பதிவில்லாத கிரேஹவுண்டுகளைத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள், 'கோல்ட்பிளட்' என்பார்கள். டீர்ஹவுண்டோடு கலந்த ஸ்டேக்ஹவுண்டும் உண்டு: ரோமம் சொரசொரப்பு, தோல் தடிமன், குட்டியிலிருந்தே வேலியையும் பள்ளத்தையும் பார்த்து வளர்ந்தவை. இங்கிலாந்துக்காரர்கள் கிரேஹவுண்டைக் கோலி என்ற ஆட்டுமந்தை நாயோடும் டெரியரோடும் கலந்து லர்ச்சர் ஆக்கியதும் இதற்குத்தான். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மூளையையும் தோலையும் வாங்கினார்கள். நம் ஊர்ச் சிப்பிப்பாறையைக் கரிசல் காட்டில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சொல்லாமலே புரியும் (அங்கே முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது வேறு கதை).

பந்தய நாயைத் தோல் கெடுத்துவிடும். கொழுப்பே இல்லாத மெல்லிய தோல். முள்கம்பியில் உரசினால் துணி கிழிவதுபோல் ஒரு சாண் கிழியும். அறுத்த பருத்திமார்க் கட்டை விலாவில் குத்தும். மெஸ்கீட் என்பது நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி, முள் அதே முள். நெருஞ்சிக்கு அறிமுகம் வேண்டாம், லப்பக்கிலும் அதே நெருஞ்சிதான்.

சமவெளியான்

எக்ஸ்ரேயும் பத்திரமும் முதலில், புரிகிறது. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி ஐந்து கம்பி வேலி. அதை நாய்க்கு எப்படிக் காட்டுவது? கூப்பிட்டால் வருமா?

முயல்தடம்

கூப்பிட்டால் வராது. பந்தயக் கூடத்தில் அதைப் பெயர் சொல்லி யாரும் திரும்ப அழைத்ததே இல்லை. ஆனால் ஒரு வழி உண்டு. பயிற்சியில் இயந்திர முயலின் பக்கம் இழுக்க 'ஸ்குவாக்கர்' என்ற கீச்சுக்குழலை ஊதுவார்கள், பல நாய்களுக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும். வீட்டுக்குள் ஊதி, வந்த நொடியே கறித்துண்டு. நாளுக்கு 5 முறைக்கு மேல் வேண்டாம், ஊதிவிட்டுக் கொடுக்காமல் விடவும் கூடாது. ஓட்டத்தின் நடுவே இது எடுபடும் என்று நம்ப வேண்டாம். முயல் தப்பிய பிறகு அலையும் நாயைத் திருப்பத்தான். ஜிபிஎஸ் பட்டை கட்டாயம்.

வேலி விஷயத்தில், முதல் மாதம் தினமும் வாரில் பிடித்து வேலியோரமாக நடத்துங்கள். கம்பியில் ஐந்தடிக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டுங்கள். அப்படியும் முயல்மேல் கண் பதிந்துவிட்டால் நாய் கம்பியைப் பார்க்காது. முழு வேகத்தில் மோதினால் கழுத்தோ காலோ போகும். ஆகவே அவிழ்க்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்: எந்தப் பக்கமும் வேலிக்கு 750 மீட்டராவது இருக்க வேண்டும். 600 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஒன்றரை கி.மீ. சொச்சம்தான் வரும், நட்டநடுவில் மட்டும்தான் அந்த இடைவெளி கிடைக்கும். குறுக்கே இன்னொரு வேலி இருந்தால் இந்த நிலம் ஆகாது. பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், வளை தோண்டும் அணில் இனம்) வளைகள் உள்ள பகுதியில் கால் வைக்கவே வேண்டாம், ஒரு வளையில் முன்னங்கால் இறங்கினால் எலும்பு முறிந்துவிடும்.

கால்நடைக்காரன்

முதலுதவிப் பையில் தோல் தைக்கும் ஸ்டேப்ளர், ஒரு லிட்டர் உப்புநீர், ஒட்டும் கட்டுத்துணி, முள் பிடுங்கும் இடுக்கி. பெரிய கிழிசலைக் கழுவி மூடி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இந்த நாய்களில் நின்ற ரத்தம் இரண்டாம் நாள் திரும்பவும் கசிவதுண்டு.

முயலை உரிக்கும்போது கையுறை போடுங்கள், துலரேமியா மனிதருக்குத் தொற்றும். குடலை நாய்க்குப் போடாதீர்கள், நாடாப்புழு அதிலிருந்து வரும்.

வறட்டுமேடு

பத்திரம் இடம் கொடுக்காவிட்டால் நாயை விட்டுவிட வேண்டியதில்லை. லூர் கோர்சிங் இருக்கிறது: கப்பிகளில் ஓடும் கயிற்றில் வெள்ளை பிளாஸ்டிக் பை, வளைந்து மடங்கி 600 முதல் 900 மீட்டர் ஓட்டம். மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலச் சட்டை போட்டு மூன்று நாய்களை ஒன்றாக விடுவார்கள். ஆனால் அந்தக் குதிமூட்டு எக்ஸ்ரேயை அதற்கு முன்பும் எடுத்துவிடுங்கள், மடக்கு மடக்குதான்.