புதுப்பிப்பு: மன்னார்குடி ரைஸ்மில் கன்டெய்னர் பிரச்சனை தீந்துடுச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, எடைமேடை சாஃப்ட்வேர் ஓடுற டாக்கர் கன்டெய்னர்லேர்ந்து (புரோகிராமை தனியா அடைச்சு ஓட்டுற பெட்டி மாதிரி) டேட்டாபேஸ் எட்டல, ஹோஸ்ட்லேர்ந்து (அதை ஓட்டுற மெஷின்) மட்டும் பிங் நல்லா போகுது, உள்ள போய் பாக்கலாம்னா அந்த இமேஜ்ல பிங் கூட கிடையாதுன்னு. குறுவை அறுப்பு நேரம், வாசல்ல நெல்லு லாரி வரிசை கட்டி நிக்குது.

ஒரு அண்ணன் என்எஸ்என்டர் (nsenter, கன்டெய்னரோட நெட்வொர்க்குக்குள்ள நுழைஞ்சு கமாண்ட் ஓட்டுற லினக்ஸ் டூல்) பாருன்னாரு. டாக்கர் இன்ஸ்பெக்ட்ல கன்டெய்னரோட பிஐடி (ப்ராசஸ் நம்பர்) எடுத்து, ரூட் யூசரா இருந்து என்எஸ்என்டர் மைனஸ் டி அந்த பிஐடி, மைனஸ் என், பின்னாடி டிசிபிடம்ப் (tcpdump, நெட்வொர்க்ல என்ன போகுதுன்னு காட்டுற டூல்). நெட்வொர்க் மட்டும்தான் கன்டெய்னரோடது, ஃபைல்சிஸ்டம் நம்ம ஹோஸ்ட்டோடதுதான், அதனால ஹோஸ்ட்ல உள்ள டூல் எல்லாம் ஓடுது. மைனஸ் எம் சேத்துடாதீங்க, மவுன்ட்டும் மாறி, டூல் இல்லாத கன்டெய்னர் ஃபைல்தான் தெரியும், மறுபடி வெறுங்கைதான். இன்னொன்னு, மைனஸ் என் மட்டும் போட்டா ரிசால்வ் கான்ஃப் (resolv.conf, டிஎன்எஸ் சர்வர் எதுன்னு சொல்ற ஃபைல்) ஹோஸ்ட்டோடதைத்தான் படிக்கும், அதை வச்சு டிஎன்எஸ் சரியா இருக்குன்னு நம்பிடாதீங்க.

பாத்தா ஏஆர்பி (ஒரே நெட்வொர்க்ல 'இந்த ஐபி யாருது'ன்னு கேக்குறது) கேள்வியா போகுது, பதிலே இல்ல. கன்டெய்னரோட ரூட் டேபிள்ல (எந்த அட்ரஸுக்கு எந்த வழின்னு சொல்ற பட்டியல்) 172.17.0.0/16, அதாவது 172.17-ல ஆரம்பிக்கிற மொத்தமும் லோக்கல்னு இருக்கு, டேட்டாபேஸ் இருக்குற மில்லு நெட்வொர்க்கோ அதுக்குள்ளயே வர்ற 172.17.5.0/24! ஹோஸ்ட்டுக்கு அந்த /24 தனியா தெரியும், கன்டெய்னருக்கு தெரியாது, பக்கத்து வீடுன்னு நெனச்சு கூப்டுகிட்டே இருக்கு. எவன் ஆபீஸ் லேன் (LAN) நெட்வொர்க்குக்கு இந்த ரேஞ்ச் குடுத்தானோ.

டீமன் ஜேசன்ல (daemon.json, டாக்கரோட செட்டிங் ஃபைல்) பிப் (bip, கன்டெய்னர் நெட்வொர்க்கோட அட்ரஸ்) 10.200.0.1/24 ஆக்கி, டாக்கர் ரீஸ்டார்ட் பண்ணா எல்லா கன்டெய்னரும் நிக்குமேன்னு மதியம் சாப்பாட்டு நேரத்துல பண்ணேன், இப்ப எடை சீட்டு ஒழுங்கா வருது.