பப்வா செவ்கோலத்தை எதற்காக நினைவுகொள்ள வேண்டும்?

அக்கரைப்பற்று ஆசிரியர் (ஓய்வு):
தென்னாபிரிக்காவின் தலைசிறந்த கோல்ஃப் வீரர்கள் பட்டியலுக்கு நேற்று இங்கே எல்லோரும் கேரி பிளேயரின் பெயரையே எழுதினீர்கள். பப்வா செவ்கோலத்தை ஒருவரும் குறிப்பிடவில்லை. 1860 முதல் தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியத் தொழிலாளரின் வழிவந்த சமூகத்தவர் அவர். (ஹிங்குரானையில் கரும்பு வெட்டியவர்களைப் பார்த்த எனக்கு அந்த உழைப்பு எத்தகையதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.) டர்பனில் பிறருடைய மட்டைப்பையைச் சுமந்தபடியே ஆட்டத்தைப் பழகி, 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சுப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1963இல் நேட்டால் பகிரங்கப் போட்டியை வென்றபோதோ, வெள்ளையர் கழக மண்டபத்தினுள் இருக்க, இனஒதுக்கலின் காரணமாக உள்ளே போக முடியாத அவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றார். இவரை விட்டுவிட்டு ஒரு பட்டியலா?

கல்லடிக்காரன்:
சேர், அந்த அநீதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அநீதிக்கு ஆளானவர் என்பது வேறு, தலைசிறந்த ஆட்டக்காரர் என்பது வேறு. கோல்ஃபில் 'பெரும் போட்டிகள்' எனப்படும் உயர்ந்த நான்கு போட்டிகளில் பிளேயர் ஒன்பது முறை வென்றவர். செவ்கோலம் ஒருமுறையும் வெல்லவில்லை. கிண்ணத்தைச் சன்னல் வழியாக நீட்டினார்கள் என்ற கதை வேறு உலவுகிறது. அன்று எடுத்த படத்தில் அவர் வெளியேதான் நிற்கிறார். இரக்கம் மிகுந்தால் கதை இப்படித்தான் வளரும்.

கல்முனைத் துடுப்பாட்டக்காரர்:
தம்பி, அப்படியானால் மழையை விட்டுவிட்டு ஆட்டத்தையே பேசுவோம். வலக்கைத் துடுப்பாட்டக்காரர் மட்டையைப் பிடிப்பதுபோலவே கோல்ஃபிலும் இடக்கை மேலும் வலக்கை கீழும் இருக்கும். செவ்கோலம் வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். எங்கள் பாடசாலை மைதானத்தில் எவராவது அப்படிப் பிடித்திருந்தால், முதல் பந்து வருமுன்பே பயிற்றுநர் கையை மாற்றிவைத்திருப்பார். அந்தப் பிடியோடுதான் 1965இல் நேட்டாலில் பிளேயரையும் தோற்கடித்து அவர் மீண்டும் வென்றார். அதே ஆண்டில் பிளேயர் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியையும் வென்று, நான்கு பெரும் போட்டிகளிலும் வெற்றி கண்ட மூன்றாமவர் ஆனார். ஆகவே அவர் தோற்கடித்தது தளர்ந்துபோன பிளேயரை அல்ல.

கல்லடிக்காரன்:
கைப்பிடி பற்றிய விளக்கத்துக்கு நன்றி அண்ணா, அது எனக்குப் புதிது. எனினும் நான்கு சுற்று ஆட்டத்தில் பெரிய வீரர்கள் தோற்பது கோல்ஃபில் வழமையானதே. ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப வெல்பவரையே நான் பெரியவர் என்பேன். டர்பனில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அவருடைய பெயர் இருக்கிறது என்பீர்கள். நம்முடைய மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு வெபர் அடிகளார் யாரென்று தெரியும்?

அக்கரைப்பற்று ஆசிரியர் (ஓய்வு):
ஆண்டுக்கணக்கு என்கிறீர்கள், அந்த ஆண்டுகளை அவரிடமிருந்து பறித்தது யார்? 1965ஆம் ஆண்டு வெற்றிக்குப் பிறகு அரசு அவரை உள்நாட்டில் வெள்ளையரின் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தது. கடவுச்சீட்டையும் பறித்ததால் வெளிநாட்டு வழியும் அடைபட்டது. 1978இல் இறந்துபோனார். முதன்முதலில் ஐரோப்பாவுக்குப் போனதுகூட, 'ஓலே' முகப்பூச்சை உருவாக்கிய கிரஹம் வுல்ஃப் தம்முடைய சிறு விமானத்தில் ஏற்றிச் சென்றதால்தான். பிளேயர் உலகம் சுற்றி ஆடிய காலத்தில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவரிடம் போய், பெரும் பட்டம் எங்கே என்று கேட்பது என்ன கணக்கு?

கல்லடிக்காரன்:
அந்த ஆண்டுகளில் வென்றிருப்பார் என்று நீங்களும் நிறுவ முடியாது, தோற்றிருப்பார் என்று நானும் நிறுவ முடியாது. பிளேயருக்கு மேலே அவரை வைக்க எனக்கு இன்னமும் மனமில்லை. ஆனால் டச்சுப் போட்டியில் மூன்று, நேட்டாலில் இரண்டு என்ற கணக்குக்காகப் பட்டியலில் சேர்க்கச் சம்மதிக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும் சேர்: அடுத்த பதிவில் அந்த மழைப் படத்தைப் போடாமல், இடக்கை கீழே இருக்கும் படம் ஒன்றைப் போடுங்கள்.